500 ரூபாய்க் கோழி

போன மாசம் ஒரு ராத்திரி, இங்கே நியூ ஜெர்சியில் சாப்பிட்டு முடித்துவிட்டு ஊருக்குப் போன் போட்டேன். அங்கே கோலார் தங்கவயலில் காலை நேரம். எடுத்ததுமே அம்மா, "அப்புறம் பேசுடா, கோழிக்கு மருந்து போட்டுக்கினு இருக்கேன்" என்றார்.

தெருநாய் கவ்வியதில் முதுகுத் தோல் கிழிந்து சதை தெரிந்தது. வீடியோவில் பார்த்தேன். யோசிக்காமல் சொன்னேன்: "விடும்மா, 500 ரூபாய் அனுப்பறேன், வேற கோழி வாங்கிக்கோ."

அம்மா பதிலே சொல்லாமல் போனை வைத்துவிட்டார். அப்போதுதான் உறைத்தது.

அடுத்த மூன்று வாரமும் கோழி புராணம்தான் கேட்டேன். முதல் காரியமாக அதை மற்ற கோழிகளிடமிருந்து பிரித்துவிட்டார். ரத்தச் சிவப்பைக் கண்டால் கூடவே வளர்ந்த கோழிகளே கொத்திக் கொன்றுவிடும். காயத்தைச் சுற்றி இறகைக் கத்தரித்து, கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புக் கலந்து கழுவினார். புழு வைக்காமல் இருக்க மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று பக்கத்து லைனில் யாரோ சொல்ல, கால்நடை டாக்டர் கூடவே கூடாது என்றாராம். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வந்துவிடும். அதனால் வலை கட்டிய பெட்டியில், வீட்டுக்குள்ளேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மஞ்சளும் பூசினார். ஆனால் மஞ்சள் பூசினால் கழுவ வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்ததால் டாக்டர் சொன்ன நாள் வரை முட்டையையும் சாப்பிடவில்லை.

"ஞாயித்துக்கிழமை கோழிக்குழம்பு வைக்கிற வீடுதானே நம்ம வீடு, இதுக்கு மட்டும் என்ன இவ்வளவு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அடிச்சு சாப்பிடறது வேற, புண்ணோட வுடறது வேறடா. வளக்கிறவங்க பொறுப்பு இது."

அம்மா சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். சாப்பிடுவதால் வலியைப் பார்க்காமல் இருக்க உரிமை வந்துவிடாது. குணமாகாது என்று டாக்டர் சொன்னால் வேதனை இல்லாமல் முடித்துவிடுவதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்ததுதான். விலை குறைவு என்பதற்காகக் கைவிடுவது மட்டும் சேராது.

எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்த ஊர் அது. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர். வெட்டி எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது என்று 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் லைன் வீடுகளில் இருந்தவர்கள் வரவில்லை. விடியும் முன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற வாழ்க்கை அப்படித்தான் எத்தனையோ வீடுகளுக்கு வந்தது. "கட்டுப்படியாகாது" என்ற வார்த்தையைக் கேட்டுக் கொதித்த வீட்டில் வளர்ந்த நானே, அதே வார்த்தையை அம்மாவின் கோழிக்குச் சொல்லியிருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கும் இந்த வியாதி உண்டு. கூரை ஒழுகினாலும் பணம், முட்டி வலித்தாலும் பணம், தனிமை என்றாலும் பணம். பணம் அனுப்புவது தப்பில்லை, அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அம்மா அன்றைக்குக் கேட்டது பணமில்லை. "புண்ணு எப்படி இருக்கு?" என்று நான் விசாரித்திருந்தால் போதும்.

இப்போது தோல் மூடி, புது இறகு முளைக்கிறதாம். ஒரேயடியாகத் திறந்துவிடாமல், கூடைக்குள் வைத்து மற்ற கோழிகள் பார்க்கும்படி கொஞ்ச நாள் பழக்குகிறார்.

இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது, வீட்டில் வளர்கிற ஆடு, கோழி, பூனை எதுவானாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எனக்கு இப்போதெல்லாம் அம்மா சீக்கிரம் போனை வைப்பதில்லை.