பயமுறுத்தி வளர்த்தால் பாதுகாப்பா?

“பாம்பு, நாய் என்றாலே பிள்ளை நடுங்க வேண்டும், அப்போதுதான் பத்திரமாக இருக்கும்” என்கிறார்கள். ஏரிகள் சூழ்ந்த பொத்தேரியில் இருந்துகொண்டு இதை என்னால் ஏற்க முடியாது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. பக்கத்துப் பெருங்களத்தூரில் முதலையொன்று சாலையைக் கடந்த காணொளியைப் பார்த்துப் பெரியவர்கள் அலறினோம். பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்ட வீட்டுப் பிள்ளை கேட்டது: “அதோட வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்துடுச்சா?” பயமும் பரிவும் அந்த வயதில் ஒன்றாகவே இருக்கின்றன. நாம்தான் பரிவை வெட்டிவிட்டுப் பயத்தை மட்டும் வளர்க்கிறோம்.

அதன் விளைவு கொடியது. நாய் கீறியதைச் சொன்னால் திட்டு விழும் என்று பிள்ளை மறைத்துவிடும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தென்பட்டுவிட்டால் பிழைப்பது அநேகமாக நடக்காது. உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவித் தடுப்பூசி போட்டால் காப்பாற்றிவிடலாம். அதற்குப் பிள்ளை முதலில் வாய் திறக்க வேண்டுமே!

சாரைக்கு விஷமில்லை, கட்டுவிரியனுக்கு உண்டு, எதையும் தொடாதே, தள்ளி நின்று எங்களைக் கூப்பிடு என்று சொல்லிக்கொடுங்கள். 1972 முதல் கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள். கடித்தாலும் கீறினாலும் திட்டமாட்டோம் என்று இன்றே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.