வெயிலை வாசலிலேயே நிறுத்த வேண்டும்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் பலவற்றில் நண்பகலிலும் விளக்கு எரிகிறது. கூசும் வெயிலுக்கு அஞ்சித் திரையை இறக்கியிருப்பார்கள். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடி வழியாக வெப்பம் வந்து சேர, அதை வெளியேற்ற நாள் முழுவதும் ஏசி ஓடுகிறது.

சாதாரண ஒற்றைக் கண்ணாடி, தன்மேல் விழும் சூரிய வெப்பத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். குளிர்நாட்டுக்கு அது வரம். ஆண்டில் இருமுறை சூரியன் உச்சிக்கு நேராக வரும் சென்னைக்கு அது சுமை. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெப்பத்தை உள்ளே தொங்கும் திரை பெரிதாகத் திருப்பி அனுப்பாது.

இதற்கான விடை புதுச்சேரியில் எண்பது ஆண்டுகளாக நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதியை ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தார்; ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து கட்டினார். 1930களின் பிற்பாதியில் வேலை தொடங்கியது. வடக்கும் தெற்கும் பார்த்த நீள முகங்களில் கண்ணாடி ஜன்னலுக்குப் பதிலாக, கையால் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலையும் மழையையும் அவை தடுக்கும். காற்றையும் மென்மையான வெளிச்சத்தையும் விடும். கூரைமேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இரண்டாவது கூரை. இடையிலுள்ள காற்று, வெப்பம் கீழே இறங்காமல் காக்கிறது.

சூத்திரம் எளியது. தெற்கில் வெயில் உயரத்திலிருந்து விழும். சரியான நீளத்தில் ஒரு சன்ஷேடு போதும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து வரும். அங்கே சன்ஷேடு பயன்படாது. ஜன்னலைச் சுருக்க வேண்டும், அல்லது செங்குத்துத் தடுப்பு வைக்க வேண்டும். வடக்கு வெளிச்சம்தான் பெரும்பாலும் கூசாதது. பெரிய ஜன்னலுக்கு ஏற்ற திசை அது.

பிறகு ஏன் இப்படிக் கட்டுவதில்லை? கட்டுபவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுபவர் வேறொருவர். சுவரிலும் கூரையிலும் மிச்சம் பிடித்த பணம் கட்டுநரிடம் தங்கிவிடும். அதன் செலவைக் குடியிருப்பவர் ஆண்டாண்டுக்கும் சுமப்பார். இதைச் சந்தையே சரிசெய்யும் என்று காத்திருக்க முடியாது.

விதி இல்லாமலும் இல்லை. மத்திய மின்சார அமைச்சகம் 2018இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா', கூரை வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு, 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக்கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்தில் இது இரண்டு மடங்குக்கும் மேல் போகும். எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் பொது வரம்பு 100 கிலோவாட் மின் இணைப்பு. சிறிய அடுக்குமாடிகள் பலவும் தனி வீடுகளும் தப்பிவிடும். அந்த வரம்பைக் குறைக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு.

தமிழக அரசு அதைப் பயன்படுத்த வேண்டும். கார் நிறுத்துமிடத்தையும் மழைநீர் சேகரிப்பையும் பார்த்துத்தான் பிளான் அப்ரூவல் தருகிறார்கள். மேற்குச் சுவரில் எவ்வளவு ஜன்னல், அதற்கு என்ன மறைப்பு, கூரையில் என்ன வெப்பத்தடுப்பு என்ற மூன்று கேள்விகளும் அதே படிவத்தில் இடம்பெறட்டும். வரைபடத்தில் ஒரு ஜன்னலை நகர்த்தச் செலவில்லை. கட்டி முடித்த பிறகு அது நடக்காது.