"கேஸ் போயிடுச்சு சார்!"

தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் உள்ள ஏ.சி. கடைகளில் பழைய காரை நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "கேஸ் போயிடுச்சு சார்."

கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்து போவதற்கு? மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், மறுக்கவில்லை. அப்படிக் கசிந்தால் குளிர்ச்சியும் மாதக்கணக்கில் மெல்லத்தான் குறையும். நேற்று சாயங்காலம் ஜில்லென்று இருந்தது, இன்று காலை சுத்தமாக இல்லை, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும் திரும்ப வந்தது என்றால், ஒயரைப் பாருங்கள் ஐயா, சிலிண்டரை ஏன் உருட்டி வருகிறீர்கள்?

சேலையூரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரே கோடையில் மூன்று தடவை கேஸ் அடித்தார். பென்ஷன் பணம். கடைசியில் போனது ஒரு ரிலே. தீப்பெட்டி அளவு கூட இல்லாத சாமான்.

குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. கேஸ் மிகவும் குறைந்தால் பிரஷர் ஸ்விட்ச் கரண்டைத் துண்டித்துவிடும், கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்காது. ரிலே செத்தாலும், ஃப்யூஸ் போனாலும், எர்த் ஒயர் துருப்பிடித்தாலும் அதே கிளட்ச் பிடிக்காது. வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். அதனால்தான் அளந்து பார் என்கிறேன்.

அளப்பது பெரிய வித்தையும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டு, கிளட்ச் ஒயரில் டெஸ்ட் லேம்பை வைக்க வேண்டும். எரியவில்லையா? அங்கிருந்து பின்னோக்கி பிரஷர் ஸ்விட்ச், தெர்மோஸ்டாட், ரிலே, ஃப்யூஸ் என்று வர வேண்டும். எரிகிறது, ஆனால் கிளட்ச் பிடிக்கவில்லையா? மல்டிமீட்டரை எடுத்து வோல்டேஜைப் பார்க்க வேண்டும். பேட்டரியில் பதினாலு வோல்ட் இருந்து கிளட்சில் பத்துதான் வந்தால், நடுவில் ஏதோ ஒரு கனெக்டர் தின்கிறது என்று அர்த்தம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் கனெக்டரைக் கழற்றினால் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். டெஸ்ட் லேம்ப் அதிலும் எரியும், ஆனால் கிளட்சை இழுக்க அந்தக் கரண்ட் போதாது.

காலையில் நன்றாக வேலை செய்து, மத்தியானம் பல்லாவரம் சிக்னலில் கைவிடும் ஏ.சி. இன்னொரு ரகம். காயில் சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், காந்த சக்தி குறையும். கிளட்ச் தேய்ந்து இடைவெளியும் கூடியிருந்தால், சூட்டில் இழுக்காது. இதைச் சாயங்காலம் ஆறின வண்டியில் தேடினால் கிடைக்குமா?

எனக்கு உண்மையில் கோபம் வருவது கண்டென்சர் ஃபேன் விஷயத்தில்தான். வண்டி ஓடும்போது குளிர்கிறது, பெருங்களத்தூர் நெரிசலில் நின்றால் வெந்நீர் ஆவிபோல் அடிக்கிறது என்றால், முதலில் அந்த ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றாவிட்டால் வெப்பம் வெளியேறாது, குழாயில் அழுத்தம் ஏறும். அந்த வண்டிக்குப் போய் மேலும் கேஸ் அடிக்கிறார்கள்! அழுத்தம் இன்னும் ஏறி, நல்ல கம்ப்ரசரும் கெட்டு, இரண்டு மாதத்தில் பெரிய பில் வருகிறது. அடிக்கும் ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் காற்றில் கலந்தால் கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். கசிவைத் தேடாமல் நிரப்புவது அந்தக் கணக்கிலும் தப்பு.

1931-லேயே மின்சார ரயில் ஓடிய ஊர் தாம்பரம். இங்கே டெஸ்ட் லேம்ப் பிடிக்க ஆள் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன். ஆள் இருக்கிறார், அவருக்குக் கூலி கொடுக்கத்தான் நமக்கு மனம் இல்லை. அரை மணி நேரம் குனிந்து ஒயர் தேடியதற்கு 300 ரூபாய் கேட்டால், "சும்மா பார்த்ததுக்கா?" என்கிறோம். கேஸுக்கு 1,800 கேட்டால் எண்ணிக் கொடுக்கிறோம். சிலிண்டர் கண்ணுக்குத் தெரிகிறது, அறிவு தெரியவில்லை. கடைக்காரர் எதை விற்பார் பின்னே?

கேம்ப் ரோடு பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்க்கும் கூலியைத் தனியாக வாங்குகிறார், பழுது சரியானாலும் ஆகாவிட்டாலும். எத்தனை வோல்ட் வந்தது, எங்கே நின்றது என்று பில்லின் பின்பக்கம் எழுதியும் தருகிறார். இந்தக் கத்திரியில் தெரிந்தவர்களின் வண்டிகள் நாலை அவரிடம் அனுப்பினேன். இரண்டில் ஃபேன், ஒன்றில் எர்த். நாலாவதில் நிஜமாகவே கேஸ் இல்லை. ஹோஸில் எங்கே கசிகிறது என்று காட்டி, அதை மாற்றிய பிறகுதான் அடித்தார்.