கையெழுத்துப் போட ஊரிலிருந்து யார் வருவார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலை. மின்சார ரெயிலின் வாசலில் தொங்கிக்கொண்டு வந்த தாராவி வாலிபர் ஒருவர் தவறி விழுந்தார். தோல் பட்டறைத் தொழிலாளி; நெல்லைச் சீமைக்காரர். தலையில் பலத்த அடி. தமிழ் தெரிந்தவன் என்பதால் என்னையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்தார்கள்.

இரண்டாம் நாள், மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டது என்றார்கள் டாக்டர்கள். உறுப்புகளைத் தானம் செய்ய விருப்பமா என்றும் கேட்டார்கள். யாரைக் கேட்டார்கள்? ஒரே அறையில் தங்கியிருந்த நான்கு நண்பர்களை! அவர்கள் கையெழுத்து செல்லாது. ஊரில் இருந்த தகப்பனாருக்குப் போன் போட்டார்கள். டாக்டர் இந்தியில் பேசினார். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நான் வாங்கித் தமிழில் சொன்னேன். "என் மகனை அறுத்துப் பங்கு போடவா கேக்கிறீக?" என்று அழுதார். போனை வைத்துவிட்டார்.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். மகன் விழுந்த செய்தியே முதல் நாள்தான் அவருக்குத் தெரியும். மறுநாளே இப்படி ஒரு கேள்வி! எந்தத் தகப்பன் தாங்குவான்? அந்த வாலிபர் உயிரோடு இருந்தபோது வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால்? இந்தக் கேள்விதான் என்னை இதை எழுதவைத்தது.

மூளைச்சாவு என்றால் என்ன?

நான் டாக்டர் அல்ல, எஸ்.எஸ்.எல்.சி. படித்த ரெயில்வே குமாஸ்தா. கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நினைவிழந்து கிடப்பது வேறு, மூளைச்சாவு வேறு. நினைவிழந்தவர் பிழைத்து எழலாம். மூளைத்தண்டு செத்தவர் திரும்புவதில்லை. இயந்திரம் மூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை இதயம் துடிக்கும். அதைப் பார்த்துத்தான் நம்மவர்கள் "உயிர் இருக்கிறதே!" என்று மயங்குகிறார்கள்.

இதை ஒரு டாக்டர் மட்டும் சொல்லிவிட முடியாது. 1994-ம் ஆண்டுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கவேண்டும். உறுப்பை எடுத்துப் பொருத்தும் டாக்டர் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. இந்தச் சட்டம் 1995 பிப்ரவரியில் முதலில் நடைமுறைக்கு வந்த மாநிலங்களில் நம் மராட்டியமும் ஒன்று.

நம் ஊர்ப் பையன் காட்டிய வழி

2008 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான் 15 வயது இதேந்திரன். திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலியின் மகன். மகனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவர்கள் முன்வந்தார்கள். போலீசார் சாலையை ஒழித்துக்கொடுக்க, அவன் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே காத்திருந்த ஒரு சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டையே உலுக்கிய நிகழ்ச்சி அது. உறுப்பு தானத்தில் தமிழ்நாடு முன்னணிக்கு வர அது ஒரு தூண்டுகோல். உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023-ல் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்ததும் செப்டம்பர் 23-ம் நாள்தான்.

ஆனாலும் நாடு முழுவதும் பார்த்தால் நிலைமை பரிதாபம். 2023-ல் இறந்தபின் உறுப்பு தானம் செய்தவர்கள் ஏறத்தாழ 1,100 பேர். பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. ஸ்பெயின் நாட்டிலோ பத்து லட்சம் பேருக்கு நாற்பதுக்கும் மேல்! மும்பை புறநகர் ரெயில் பாதைகளில் மட்டும் 2024-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் தண்டவாளத்திலேயே முடிந்துபோகிறவர்கள். ஆஸ்பத்திரி வரை வந்து மூளைச்சாவு அடைகிறவர்கள் சிலரே. அந்தச் சிலரையாவது வீணாக மண்ணுக்குக் கொடுக்கவேண்டுமா?

ஏழையின் உறுப்பு பணக்காரனுக்கா?

தாராவியில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வரும் கேள்வி இது. நியாயமான கேள்வி. சுனாமியில் பிழைத்த எர்ணாவூர் மக்கள் வறுமையால் சிறுநீரகம் விற்ற கதை 2007-ல் வெளிவந்தது. பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கதை 2025-ல் வெளிவந்தது. இரண்டிலும் ஏமாந்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

ஆனால் அது வியாபாரம். உயிரோடு இருப்பவரிடம் தரகர் வாங்கியது. அதற்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை. 20 லட்சம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை அபராதம். இறந்தபின் கொடுக்கும் உறுப்போ, பதிவு வரிசைப்படி பங்கிடப்படுகிறது. மும்பையில் இதைக் கவனிக்கும் மண்டல மையம் எங்கோ இல்லை. தாராவிக்கு அடுத்த சயான் ஆஸ்பத்திரி வளாகத்தில்தான் இருக்கிறது. தானம் அதிகமானால் தரகனுக்கு வேலை இல்லை. கிடைக்காத பொருளுக்குத்தானே கள்ளச் சந்தை?

பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரி மாநகராட்சி நடத்துவது. 1968 பிப்ரவரியில் டாக்டர் பி.கே. சென் இந்தியாவின் முதல் இதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தது அங்கேதான். நோயாளி சில மணி நேரமே வாழ்ந்தார். 56 ஆண்டுகள் கழித்து, 2024-ல் அதே ஆஸ்பத்திரியில் மறுபடியும் இதயம் மாற்றிப் பொருத்தினார்கள். ஏழைகள் போகும் ஆஸ்பத்திரியிலும் இது முடியும் என்பது கண்கூடு. இன்னும் பெருகவேண்டும் என்று கேட்கும் உரிமை, கொடுக்க முன்வருகிறவனுக்குத்தான் அதிகம். உறுப்பு வேண்டுவோர் பதிவு செய்ய அந்த மாநிலத்து இருப்பிடச் சான்று தேவையில்லை என்று 2023-ல் மத்திய அரசு அறிவித்ததும் நம்மைப் போல் ஊர்விட்டு வந்தவர்களுக்கு நன்மையே.

என் வீட்டில் நடந்தது

எழுதுகிறவன் முதலில் செய்யவேண்டாமா? உறுதிமொழிப் படிவம் வாங்கி வந்தேன். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் நெருங்கிய உறவினர். மனைவியிடம் நீட்டினேன்.

"என்னங்க, ஊருக்குக் கொண்டுபோகும்போது முழுசா கொண்டுபோக வேண்டாமா?" என்றாள். விபத்தில் செத்தால் எப்படியும் பிரேதப் பரிசோதனை உண்டு என்று எடுத்துச் சொன்னேன். உறுப்பு எடுத்தபின் தைத்து, உருவம் கெடாமல்தான் கொடுப்பார்கள் என்றேன். தானத்துக்கான செலவை நம்மிடம் வாங்கக்கூடாது என்பதையும் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

அம்மாதான் விடவில்லை. "கண்ணில்லாமப் போனா மேலோகத்துல வழி எப்படிய்யா தெரியும்?" என்றாள். "காளத்தியில் கண்ணைக் கொடுத்த கண்ணப்பருக்கு வழி தெரியாமலா போச்சு?" என்றேன். சிரித்துவிட்டாள். இன்னும் முழு மனதாக ஒப்பவில்லை. "உன் இஷ்டம்யா, ஆனா எனக்கு முந்தி நீ போற பேச்சை எடுக்காதே" என்கிறாள். தாய் மனம்!

இன்று இரவே பேசுங்கள்

நீங்கள் உறுதிமொழி எழுதி வைத்தாலும், நடைமுறையில் மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று நெருங்கிய உறவினரின் சம்மதம் இல்லாமல் உறுப்பை எடுப்பதில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு அது பெரிய சிரமம் இல்லை. ஆனால் தாராவியில் பத்துப் பேரோடு ஓர் அறையில் படுத்து, மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்பும் தம்பிமார்களே, உங்களுக்கு வீடு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே படிவத்தைவிட முக்கியம், வீட்டுக்குச் சொல்வது. இரவு ஊருக்குப் பேசும்போது உங்கள் விருப்பத்தை ஒரு முறை சொல்லுங்கள். அறை நண்பர்களிடம் ஊர்ப் போன் எண்ணைக் கொடுத்து வையுங்கள். ஆதார் எண்ணைக் கொண்டு மத்திய அரசின் தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் இணையதளத்தில் செல்போனிலேயே பதியலாம். மனம் மாறினால் விலகிக்கொள்ளவும் தடையில்லை.

மூளைச்சாவு எல்லோருக்கும் வருவதில்லை. வீட்டில் வயதாகி இறப்பவரும் கண்ணைக் கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாகவேண்டும்; ஆகவே உடனே கண் வங்கிக்குச் சொல்லவேண்டும். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டால் போதும். கண்ணாடி போட்டவரும் சர்க்கரை நோயாளியும் கொடுக்கலாம். இருவருக்குப் பார்வை கிடைக்கும்.

அந்தத் தோல் பட்டறை வாலிபரை மறுநாள் ஊருக்கு அனுப்பிவைத்தோம். தகப்பனார் கேட்டபடி முழுதாகவே அனுப்பினோம். மூன்றாம் நாள் எரித்தார்கள் என்று சேதி வந்தது. அந்த இதயம், கல்லீரல், இரண்டு சிறுநீரகங்கள், இரண்டு கண்கள் எல்லாம் சாம்பல். இந்த நகரத்தின் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், அதே வாரம், அவற்றுக்காகக் காத்திருந்து செத்தவர் யாரோ? அவரும் ஒரு தமிழராக இருந்திருக்கலாம். இல்லாவிட்டால்தான் என்ன?