சுவரோரத்து இரண்டங்குலம்

பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதியில் தேங்காய் சிதறுவது கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் வீட்டுத் தரைக்கென விலைகொடுத்து வாங்கிய பீங்கான் ஓடு அவ்வாறே சிதறினால் எவர் மனமும் வாடும். கோட்டையையும் சாலைக் கடைத்தெருவையும் அடுத்து வாழும் நம்மவர், பழைய தரையைப் பெயர்த்து இரண்டடிச் சதுர ஓடுகளைப் பதிக்கும்போது, பெருந்தொல்லை தருவது சுவரோரத்தில் எஞ்சும் இரண்டங்குல இடமேயாகும்.

பீங்கான் ஓடு மரத்தைப் போல் அறுபடுவதன்று. விரிசல் ஓடிப் பிரிவது. நுண்ணிய கீறலே முறிவுக்கு வாயிலாகிறது என்பதைக் கண்ணாடியைக் கொண்டு ஆராய்ந்த கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் 1921ஆம் ஆண்டில் விளக்கினார். கைப்பொறியின் சிறு சக்கரம் ஓட்டின் மேற்பூச்சில் கீறலிடுவதும் இதற்காகவே. கீறலின் இருபுறமும் ஒத்த அகலமிருந்தால், அழுத்தும்போது விரிசல் நேரே செல்லும். ஒருபுறம் மிக ஒடுங்கியிருந்தாலோ, வலுக்குறைந்த அப்புறமே சாய்ந்து துண்டைப் பாதியில் முறித்துவிடும்.

ஆதலின் முதல் மருந்து கருவியன்று, கணக்கு. ரெயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் கணக்கெழுதும் நாம் இதனைச் சற்று அழுத்தியே கூறுகிறோம். அறையின் நீளம் 10 அடி 2 அங்குலம் என்று கொள்வோம். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் 5 முழு ஓடுகள் போக 2 அங்குலம் எஞ்சும். நடுவில் 4 முழு ஓடுகளை வைத்தாலோ, இரு ஓரங்களிலும் 13 அங்குலத் துண்டுகள் அமையும். அவற்றை வெட்டுவது எளிது, பார்வைக்கும் அழகு. வரிசைக்கு ஏறத்தாழ ஓர் ஓடு கூடுதலாகும் என்பது உண்மையே. ஆயினும் மிஞ்சும் 11 அங்குலத் துண்டு ஒவ்வொன்றிலும் சுவரடியில் பதிக்க 4 அங்குலப் பட்டைகள் இரண்டு கிடைக்கும். பழைய வீடுகளில் சுவர் கோணலாயிருக்கக்கூடுமாதலால், இரு முனைகளிலும் நடுவிலும் அளந்த பின்னரே கணக்கிடுதல் வேண்டும்.

ஒடுங்கிய துண்டு தவிர்க்க இயலாததாயின், கைப்பொறியில் நேரே உடைக்க முயலலாகாது. இரண்டங்குலத் துண்டுகள் இரண்டு வேண்டுமானால், முதலில் நான்கங்குலம் பிரித்து, பின் அதனை நடுவே பிரிப்பது ஒரு வழி. இதனினும் நம்பத்தக்கது, நீர் பாயும் வசதியுடன் செய்யப்பட்ட பொறியில் பல்லில்லாத வைரத் தகட்டைப் பூட்டி அறுப்பது. ஓடு முழுவதும் சமமான பலகையின்மேல் படிந்திருத்தல் வேண்டும். ஒடுங்கிய பகுதி தொங்கலாகாது. முதலில் ஆழமில்லாத பள்ளமிட்டு, இரண்டு மூன்று முறை ஓட்டி ஆழப்படுத்துக. கடைசி இரண்டங்குலத்தை எதிர்முனையிலிருந்து அறுத்து வந்து சேர்த்தால், முனை பெயராது. தகட்டை அழுத்தாமல், அது தானே தேய்த்துச் செல்ல விடுக.

நீர் என்பது ஓட்டைக் காப்பதற்கு மட்டுமன்று. உலர்ந்த ஓட்டை அறுக்கையில் எழும் வெண்தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள் உள. அவை நுரையீரலில் தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இந்நோயை அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. தொழிலிடங்களில் சுவாசிக்கப்படும் இத்தூசி புற்றுநோய்க்கும் காரணமென்று, பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. முகத்தில் கட்டிய துண்டு இத்துகள்களைத் தடுக்காது. என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். நீரும் மின்சாரமும் ஒருங்கே இருப்பதால், நிலத்தொடுப்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் உள்ள இணைப்பையே பயன்படுத்துதல் வேண்டும்.

ஓடு பதிக்க வருபவர் பெரும்பாலும் நம்மைப் போலப் பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த தம்பிமாரே. முற்றம் நனையுமென்றும் நேரமாகுமென்றும் கூறி, அவர்களை மூடிய அறைக்குள் உலர வெட்டச் சொல்லாதிருப்போமாக. முற்றத்தில் ஒரு குடம் நீரும், கணக்கில் நாலைந்து ஓடுகளும் கூடுதலாக வைத்து வேலையைத் தொடங்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.