செலவை கூட்டி எழுதினால் ரீபண்ட் ஏறாது: சிறு கான்ட்ராக்டர்கள் உஷார்!

தேவாரம்: கம்பெனிகளுக்கு கட்டட வேலை, லோடு வேலை எடுத்துச் செய்யும் தேவாரம், போடி பகுதி சிறு கான்ட்ராக்டர்கள் பலருக்கு ஒரு நம்பிக்கை. செலவை கூட்டி எழுதினால் வருமான வரி ரீபண்டும் கூடுமாம்.

நிஜம் வேறு. பில்லில் பிடித்த டி.டி.எஸ். பணம்தான் திரும்பி வரும், அதற்கு மேல் சல்லிக்காசு வராது. தனிநபருக்கு பிடிப்பது 1 சதவீதம். 20 லட்சம் ரூபாய் பில்லுக்கு 20 ஆயிரம். பணம் முழுக்க பேங்க் வழியாக வந்திருந்தால், உத்தேச வருமான முறையில் குறைந்தது 6 சதவீதம், அதாவது ரூ.1.20 லட்சம் லாபம் காட்ட வேண்டும். ரொக்கமாக வாங்கியதற்கு 8 சதவீதம். வேறு வருமானம் இல்லையென்றால் வரியே இல்லை. 20 ஆயிரமும் கைக்கு வந்துவிடும். டீசல், கூலி என்று தனியாக கழிக்க முடியாது, கழித்தும் பிரயோஜனம் இல்லை.

வாடகை போன்ற வேறு வருமானம் உள்ளவர்தான் மாட்டுகிறார். இந்த முறையில் இருந்துவிட்டு, திடீரென 6 சதவீதத்துக்கும் கீழே லாபம் காட்டி, மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பை தாண்டினால் கணக்குப் புத்தகம், ஆடிட் கட்டாயம். 5 வருஷத்துக்கு பழைய முறைக்கு திரும்பவும் முடியாது. வந்த ரீபண்ட் ஆடிட்டர் பீஸுக்கே போய்விடும். கமிஷன் புரோக்கர்களுக்கோ இந்த முறையே கிடையாது.

பொய்க்கழிவு காட்டி ரீபண்ட் வாங்கித் தரும் ஏஜென்டுகளை குறிவைத்து, 2025 ஜூலை 14ல் தமிழ்நாடு உள்பட பல மாநிலங்களில் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை போட்டது. அதற்கு முந்தைய 4 மாதத்தில் மட்டும் சுமார் 40 ஆயிரம் பேர் ரூ.1,045 கோடி பொய்க்கழிவை தாங்களாகவே வாபஸ் வாங்கியிருந்தார்கள். நோட்டீஸ் முதலில் வருவது ஏஜென்ட் வீட்டுக்கு அல்ல, பான் கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான்.