குழந்தையின் கடவுச்சீட்டும் கோடை விடுமுறையும்

பங்குனி பிறந்தவுடன் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி பள்ளிச் சேர்க்கையைப் பற்றியவை. மீதிப் பாதி பிரயாணத்தைப் பற்றியவை. இம்முறை வந்துள்ள ஒரு கடிதத்திற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் உள்ள சங்கடம் நம் பங்குகளில் பல வீடுகளுக்குப் பொதுவானது.

எழுதியவர் ஒரு சகோதரி. கணவர் துபாயில் பணிபுரிகிறார். இரண்டாண்டுகளாக விடுப்புக் கிடைக்காததால் ஊருக்கு வர இயலவில்லை. எனவே மே மாதத்தில் மூன்று வாரம் தாயும் மகனும் அங்கே சென்று வருவதென ஏற்பாடு. விமானச் சீட்டும் வாங்கியாகிவிட்டது. பிறகுதான் தெரிந்ததாம், மகனுடைய கடவுச்சீட்டு ஜூன் மாதத்தோடு முடிகிறது என்பது. “இருவருக்கும் ஒரே நாளில்தானே எடுத்தோம்? எனக்கு மட்டும் இன்னும் ஐந்தாண்டு இருப்பது எப்படி?” என்று கேட்கிறார். ஜூன் வரை செல்லுபடியாகிறதே, மே மாதப் பயணத்திற்கு அது போதும் என்கிறாராம் உறவினர் ஒருவர். மற்றொருவர், உடனே புதுப்பித்துவிடலாம், தகப்பனாரின் கையெழுத்தை வீட்டிலேயே யாராவது போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது என்கிறாராம்.

முதல் கேள்விக்கு விடை எளியது. வயது வந்தோருக்குக் கடவுச்சீட்டு 10 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கோ 5 ஆண்டுகளுக்கு, அல்லது பதினெட்டு வயது நிறைவடையும் நாள் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரைதான். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படத்தைப் பள்ளிக்குச் செல்லும் சிறுவனின் முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; இவ்விதியின் நியாயம் புலப்படும். பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் விரும்பினால், பெரியவர்களுக்குரிய 1,500 ரூபாய் கட்டணத்தைச் செலுத்திப் பத்தாண்டுக் கடவுச்சீட்டே பெற்றுக்கொள்ளலாம். அந்த வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டார் இதைக் கவனத்தில் கொள்வது நலம்.

உறவினர் சொன்ன “ஜூன் வரை போதும்” என்னும் ஆறுதலை ஏற்க வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர், மலேசியா, இலங்கை முதலிய நாடுகள், அங்கே சென்று இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டுமென எதிர்பார்க்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள், திரும்பிப் புறப்படும் நாளுக்குப் பின் 3 மாதம் கேட்கின்றன. ஆகவே குழந்தையின் கடவுச்சீட்டு, ஏட்டில் ஐந்தாண்டு என்றிருந்தாலும், நடைமுறையில் நாலரை ஆண்டுக்குத்தான் உதவுகிறது. இக்குறையை விமான நிலையத்தில் போய்த் தெரிந்துகொள்வதைவிட வீட்டு அலமாரிக்கு முன் நின்று தெரிந்துகொள்வது மேல். அவ்வகையில் இச்சகோதரி காலத்திலேயே விழித்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலில் எல்லோரும் உச்சரிக்கும் சொல் ‘தட்கல்’. குழந்தையின் கடவுச்சீட்டுக்கு இன்று சாதாரணக் கட்டணம் 1,000 ரூபாய். தட்கல் முறைக்கு அதன்மேல் 2,000 ரூபாய். கூடுதல் பணம் செலுத்துவோர்க்கு நேர்காணல் நாள் விரைந்து கிடைக்கும். தாள்கள் சரியாக இருந்தால் அச்சிட்டு அனுப்புவதும் விரைந்து நடைபெறும். ஆனால் தாள்களில் குறையிருந்தால் தட்கல் விண்ணப்பமும் மற்றதைப் போலவே நின்றுவிடும். மூவாயிரம் கட்டிவிட்டோம் என்று அதிகாரியிடம் வாதாடிப் பயனில்லை. வேறொன்றும் உண்டு. பெயரில் பெரிய மாற்றம் கேட்போர் தட்கல் வழியில் விண்ணப்பிக்க இயலாது. நம் குடும்பங்களில் திருமுழுக்கின்போது சூட்டிய புனிதரின் பெயர் ஒன்று, நகராட்சியின் பிறப்புச் சான்றிதழில் பதிவான பெயர் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் மூன்றாவது ஒன்று என்றிருப்பது அபூர்வமன்று. அவசரமாகப் புதுப்பிக்கும் வேளையில் அப்பெயர்களைச் சீர்ப்படுத்த முற்படாதீர்கள். பழைய கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல், இப்போது பெற்றுக்கொள்ளுங்கள். பெயர்த் திருத்தத்தை விடுமுறை முடிந்து நிதானமாகச் செய்யலாம்.

தட்கல் இல்லாமலும் சில வேளைகளில் விரைவாக நாள் கிடைப்பதுண்டு. தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நான்கு மண்டல அலுவலகங்களின்கீழ்ச் சேவை மையங்கள் இயங்குகின்றன. 2017 முதல் அஞ்சலகங்களிலும் இத்தகைய மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. 2018 ஜூன் முதல், குடியிருக்கும் இடம் எதுவாயினும் நாட்டின் எந்த மண்டலத்தையும் தேர்ந்து விண்ணப்பிக்கலாம்; கடவுச்சீட்டு வீட்டு முகவரிக்கே வந்து சேரும். உங்கள் ஊர் மையத்தில் மூன்று வாரம் கழித்துத்தான் இடம் இருக்கிறதென்றால் அடுத்த மண்டலத்தையும் பாருங்கள். ஒரு நாள் பேருந்துப் பயணம் இரண்டாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தலாம். ஒருமுறை குறித்த நாளை மாற்றிக்கொள்ளும் வாய்ப்புக்கு எல்லை உண்டு; ஆகவே தாள்கள் எப்போது கைக்கு வரும் என்று கணக்கிட்டுக்கொண்டு நாளைக் குறியுங்கள்.

தாள்கள் என்றவுடன் உறவினரின் இரண்டாவது யோசனைக்கு வந்துவிடுகிறோம். நாம் அதிகம் எழுத வேண்டியதும் இதைப்பற்றித்தான்.

பதினெட்டு வயது நிரம்பாதவருக்குக் கடவுச்சீட்டு வேண்டுமானால் பெற்றோர் இருவரும் இசைவு தெரிவித்துக் கையொப்பமிட வேண்டும். அதற்கான படிவம் இணைப்பு ‘டி’ எனப்படும். வெள்ளைத்தாளில் அச்சிட்டு ஒப்பமிட்டால் போதும். நோட்டரியிடம் செல்லும் தேவையில்லை. பெற்றோருள் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், உள்நாட்டில் இருப்பவர் இணைப்பு ‘டி’யைக் கொடுக்க, வெளிநாட்டில் இருப்பவர் தம் சம்மதத்தை உறுதிமொழிப் பத்திரமாக எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அல்லது துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும். அதற்குத் தகப்பனார் ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும். பத்திரம் கூரியரிலோ ஊர் திரும்பும் நண்பர் கையிலோ வந்து சேர வேண்டும். ஆறு வாரத்தில் மிக நீண்ட பகுதியை இதுவே விழுங்கிவிடும். ஆதலால் முதலில் தொடங்க வேண்டிய வேலையும் இதுவே. இக்கடிதத்திற்குத் தனியே எழுதிய பதிலில், இன்றிரவே தொலைபேசியில் கணவரிடம் சொல்லிவிடுங்கள் என்றுதான் முதல் வரியாக எழுதினோம்.

இவ்வளவு தொல்லைக்கு ஒரு பேனாக் கோடு போதாதா என்று கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். சித்தப்பாவோ மாமாவோ போட்ட கையெழுத்தை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்னும் நினைப்பு. ஆனால் கடவுச்சீட்டு பெறுவதற்காகப் பொய்யான தகவல் தருவது, 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்கும் 5,000 ரூபாய் வரை அபராதத்திற்கும் உரிய குற்றம். அயல்நாட்டு வேலையை நம்பி வாழும் குடும்பம் எதற்காக இந்த ஆபத்தைத் தலைமேல் ஏற்றிக்கொள்ள வேண்டும்? சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், இருவர் கையெழுத்து என்னும் விதி வீண் சம்பிரதாயமன்று. கணவன் மனைவிக்குள் பிணக்கு ஏற்பட்டு, ஒருவர் அறியாமல் மற்றவர் குழந்தையைக் கடல்கடந்து கொண்டுபோய்விடும் துயரம் உலகெங்கும் நடக்கிறது. அதைத் தடுக்க நிற்கும் வேலிகளுள் இதுவும் ஒன்று. நம் வீட்டில் ஒற்றுமை இருக்கிறது என்பதற்காக அவ்வேலியில் நாமே ஓட்டை போட்டுக் காட்டலாமா?

கணவர் கைவிட்டுச் சென்றுவிட்ட, அல்லது எங்கிருக்கிறார் என்றே தெரியாத தாய்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் யாரிடமும் கையெழுத்துக்காகக் கெஞ்ச வேண்டியதில்லை. மற்றவரின் சம்மதம் ஏன் பெற முடியவில்லை என்பதை விளக்கி, விண்ணப்பிக்கும் பெற்றோர் ஒருவரே ஒப்பமிட்டுத் தரும் இணைப்பு ‘சி’ என்னும் படிவம் இருக்கிறது. 2016 டிசம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டபின், விண்ணப்பத்தில் தாய் தந்தை இருவர் பெயரையும் எழுதியே தீர வேண்டும் என்பதும் இல்லை. இதை அறியாமல், குழந்தைக்குக் கடவுச்சீட்டே கிடைக்காதென்று பல ஆண்டுகள் வாளாவிருந்த தாய்மார் உண்டு.

நேர்காணலுக்குக் குழந்தையையும் அழைத்துச் செல்ல வேண்டும். பழைய கடவுச்சீட்டு, அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல், பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் கடவுச்சீட்டுகள், முகவரிச் சான்று ஆகியவற்றின் மூலமும் நகலும் கையில் இருக்கட்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெண்மைப் பின்னணியில் எடுத்த புகைப்படமும் கொண்டு செல்லுங்கள். பெரிய குழந்தைகளை அங்கேயே படமெடுத்துக்கொள்வார்கள். 2023 அக்டோபர் 1ஆம் நாளன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த நாளை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும். திருமுழுக்குச் சான்றிதழை அதற்கு ஈடாகக் காட்ட முடியாது. அச்சான்றிதழில் குழந்தையின் பெயர் சேர்க்கப்படாமல் வெற்றிடமாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பெற்றோரிடம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இருந்தால் குழந்தைக்குக் காவல்துறை விசாரணை பெரும்பாலும் வேண்டப்படுவதில்லை. ஆனால் முடிவு செய்வது அலுவலகமே.

மருத்துவ அவசரம், மரணம் போன்ற காரணங்களால் உடனே புறப்பட வேண்டியவர்கள் மண்டல அலுவலகத்தை நேரில் அணுகி முறையிடுவதுண்டு. விடுமுறைப் பயணத்திற்காக அந்த வாயிலில் போய் நிற்க வேண்டாம் என்பது நம் தாழ்மையான கருத்து. அதே வரிசையில், அயல்நாட்டு மருத்துவமனையில் கணவர் கிடப்பதாகத் தந்தி போலச் செய்தி வந்து பதறி நிற்கும் ஒரு பெண் இருக்கக்கூடும்.

தரகர்களைப் பற்றியும் ஒரு சொல். விண்ணப்பத்தை வெளியுறவு அமைச்சகத்தின் வலைத்தளத்திலோ ‘எம்பாஸ்போர்ட் சேவா’ என்னும் கைப்பேசிச் செயலியிலோ நாமே நிரப்பலாம். அரசு முத்திரையைப் போலவே காட்டி மிகுதியாகப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் உள்ளனவென்று அமைச்சகமே எச்சரித்துள்ளது. வீட்டில் கல்லூரிப் பிள்ளை ஒருவர் இருந்தால் அவரை உட்கார்த்தி வைத்து நிரப்பச் செய்யுங்கள். பெயர், பிறந்த நாள் ஆகியவற்றை மட்டும் தாயார் பக்கத்தில் அமர்ந்து எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கட்டும்.

விசாவுக்குப் பழைய எண்ணைக் கொடுத்து அவசரப்பட வேண்டாம். புதிய கடவுச்சீட்டுக்கு எண்ணும் புதிது; விசா அந்த எண்ணின்மீதுதான் வர வேண்டும். விமானச் சீட்டில் பழைய எண்ணைப் பதிந்திருந்தால் நிறுவனத்திற்குத் தெரிவித்து மாற்றிக்கொள்ளலாம். ரத்து முத்திரையிட்டுத் திருப்பித் தரும் பழைய கடவுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். அதில் அமெரிக்க விசா போன்றவை காலாவதியாகாமல் இருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

புதியது விரைவு அஞ்சலில் வரும். அடையாளம் பார்த்தே கொடுப்பார்கள். வீடு பூட்டியிருந்தாலோ, வாடகை வீடு மாறி முகவரி பழையதாக இருந்தாலோ அலுவலகத்திற்கே திரும்பிப் போய்விடும். புனித வார வழிபாடுகளுக்காகச் சொந்த ஊருக்குச் செல்லும் எண்ணம் இருந்தால், புறப்படுமுன் உங்கள் பகுதித் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.